இறக்கை உதறல் எடுக்கும் வேகம் எது?

காவல்கிணறு தாண்டி மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிப்பது நெல்லைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். அங்கே என்ஜினை மேடையில் இறுக்கிப் பூட்டி எரிய விடுவார்கள். ஏதாவது ஓர் அளவு எல்லை மீறினால் எரிபொருளை அடைத்துவிடலாம். போர் விமானத்தைச் சோதிப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. சில ஆபத்துகள் பறந்து பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். அதுவும் உள்ளே ஓர் ஆளை உட்கார வைத்து! அந்த ஆள் டெஸ்ட் பைலட். அவரை எல்லோரும் கொண்டாடுகிறோம். எந்த வேகம் வரை போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிற ஃபிளைட் டெஸ்ட் இன்ஜினியரைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

அவருடைய வேலைகளில் நெஞ்சைப் பதற வைப்பது ஃபிளட்டர் சோதனை. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டினால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுரம் கொடுக்கும். விமான இறக்கைக்கும் அப்படிச் சொந்த அதிர்வெண்கள் உண்டு. மேலும் கீழும் வளைந்து ஆடுவதற்கு ஒன்று, முறுக்கிக்கொண்டு ஆடுவதற்கு இன்னொன்று. தரையில் நிற்கும்போது இவை தனித்தனி. வேகம் கூடக்கூட காற்றின் விசை இந்த இரண்டு அதிர்வெண்களையும் ஒன்றையொன்று நெருங்கும்படி நகர்த்துகிறது. வளைவும் முறுக்கும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டால், ஓடும் காற்றிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு இறக்கை உதறத் தொடங்கும். இந்த உதறல்தான் ஃபிளட்டர். அப்புறம் பைலட் யோசிக்க நேரம் இருக்காது. சில நொடிகளில் இறக்கை பிய்ந்துவிடலாம்.

1916-லேயே பிரிட்டனின் ஹாண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் இப்படி உதறியது. பழங்கதை என்று விட முடியாது. 1997-இல் அமெரிக்காவின் எஃப்-117 போர் விமானம் ஒன்று விமானக் கண்காட்சியில் இறக்கை உடைந்து விழுந்தது. காரணம், இறக்கைக்குள் ஒரு தாங்கியில் சில பிணைப்பாணிகளை மாட்டாமல் விட்டது. பைலட் குதித்துத் தப்பினார்.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? விமானம் பறப்பதற்கு முன்பே தரையில் நிறுத்தி, அதிர வைத்து, அதிர்வெண்களை அளந்துவிடுவார்கள். பிறகு இறக்கை நுனியிலும் வாலிலும் உணரிகள் ஒட்டி, அவற்றின் அளவுகள் உடனுக்குடன் தரையில் உள்ள டெலிமெட்ரி அறைக்கு வரும்படி செய்வார்கள். குறித்த உயரத்தில், குறித்த வேகத்தில் விமானம் நிலையாகப் பறக்கும்போது பைலட் கையில் இருக்கும் ஸ்டிக்கைச் சட்டென்று தட்டியோ, கணினி வழியாகவோ இறக்கையைக் கொஞ்சம் அதிர வைப்பார்கள்.

இன்ஜினியர் பார்ப்பது அதிர்வு எவ்வளவு பெரிது என்பதை அல்ல, எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதை. அமெரிக்க ராணுவ விதிகள் கேட்கும் குறைந்தபட்சத் தணிவுப்படி (தணிவு என்பது அதிர்வு அடங்கும் வேகம்), ஒவ்வொரு ஆட்டத்திலும் வீச்சு சுமார் 9 சதவீதம் சுருங்க வேண்டும். நொடிக்குப் பத்து முறை ஆடும் இறக்கை என்றால், ஒரு நொடியில் அதிர்வு பாதிக்கும் கீழே போய்விடும். வேகத்தை ஒரு படி கூட்டு, மறுபடி தட்டு, மறுபடி அள. அடங்கும் நேரம் படிக்குப் படி நீண்டால் ஆபத்து நெருங்குகிறது என்று அர்த்தம். தணிவு பூஜ்யத்தைத் தொடும் வேகம் எது என்று வரைபடத்தை நீட்டிப் பார்த்து, அதற்கு வெகு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். விமானத்தின் உச்ச வேகத்துக்கும் ஃபிளட்டர் வேகத்துக்கும் 15 சதவீத இடைவெளி வேண்டும் என்பது அந்த விதிகளில் இன்னொன்று. சிக்கல் என்னவென்றால், சில ஃபிளட்டர்கள் முன்னறிவிப்பே தராது. ஒரு படி வரை நன்றாக அடங்கிக்கொண்டிருந்த அதிர்வு, அடுத்த படியில் அடங்கவே அடங்காது. அதனால்தான் எல்லை நெருங்க நெருங்கப் படிகளைச் சிறிதாக்குகிறார்கள்.

நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸ் முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. ஒலியின் வேகத்தைத் தாண்டியது 2003 ஆகஸ்ட் 1. இரண்டரை வருடமா என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தாமதத்தில் பெரிய குறை தெரியவில்லை. விமானத்தின் ஒவ்வொரு குணத்தையும் இப்படிப் படி படியாகத்தான் சரிபார்த்தாக வேண்டும். உயரமும் கணக்கில் வரும். 11 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே வேகத்தில் தாழப் பறந்தால் இறக்கைக்கு அடி பல மடங்கு. தேஜஸின் கடல் மட்டச் சோதனைகளை பெங்களூரு மேட்டு நிலத்தை விட்டு கோவாவில் நடத்தியது இதனால்தான்.

பாளையங்கோட்டையில் மெக்கானிக்கலோ எலக்ட்ரானிக்ஸோ படிக்கிறவர்கள் இந்த வேலைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து, சில வருட அனுபவத்துக்குப் பின் பெங்களூரில் உள்ள விமானப்படை டெஸ்ட் பைலட் பள்ளிக்குத் தேர்வாவது. பைலட்டுகளோடு சேர்ந்தே கிட்டத்தட்ட ஒரு வருடம் படிப்பு. மற்றொன்று, விஞ்ஞானியாக ராணுவ ஆராய்ச்சித் துறைக்குள் போவது. எந்த வழியானாலும், கல்லூரியில் பலரும் அரியர் வைக்கிற வைப்ரேஷன்ஸ் பாடம்தான் இங்கே அன்றாடச் சோறு. ஒற்றை இருக்கை விமானம் என்றால் தரையில் திரைக்கு முன்னால் வேலை. சரக்கு விமானமோ ஹெலிகாப்டரோ என்றால் இன்ஜினியரும் ஏறி உடன் பறக்க வேண்டியிருக்கும்.