லேபிளைப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

உணவுப் பொருளுக்கு லேபிள் வடிவமைக்க உட்காரும் எவரும் முதலில் கை வைப்பது முன்பக்கத்தில்தான். பெயர், லோகோ, படம், நிறம் என்று பல நாள் அதிலேயே ஓடிவிடும். பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் சேர்மானப் பட்டியல், ஒவ்வாமைக் குறிப்பு, தேதி, எடை, பார்கோடு எல்லாவற்றையும் ஐந்து பாயின்ட் எழுத்தில் அடைத்து, ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பிவிடுவோம். முன்பக்கம் சரியாக அமையாவிட்டால் பாட்டில் விற்காமல் போகலாம். பின்பக்கத்தில் ஒரு சொல் விடுபட்டால் ஒரு குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரிடலாம். அதனால் வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். பின்பக்கத்துக்கு எவ்வளவு இடம் தேவை என்று கணக்கிட்டு ஒதுக்கிய பிறகுதான் முன்பக்கத்தைத் தொடலாம்.

டிசைன் மென்பொருளைத் திறப்பதற்கு முன், லேபிளில் வர வேண்டிய எழுத்து முழுவதையும் ஒரு சாதாரணக் கோப்பில் தட்டச்சு செய்து வாங்கிவிடுங்கள். சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக இருக்க வேண்டும். ‘சாக்லேட்’ என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள். அதற்குள் கொக்கோ, சர்க்கரை மட்டுமல்ல, பால்பொடி, சோயா லெசித்தினும் இருக்கலாம். பாலும் சோயாவும் பலருக்கு ஒவ்வாதவை. சாஸ், மசாலாக் கலவை, பிஸ்கட் தூள் எல்லாவற்றுக்கும் இதே கேள்வி கேட்க வேண்டும். கேட்டால் வாடிக்கையாளர் எரிச்சல்படலாம். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்.

பாட்டிலை அளப்பது

உருளை வடிவ ஜாடி ஒன்றின் விட்டம் 7 செ.மீ. என்றால் சுற்றளவு 22 செ.மீ. திரையில் 22 செ.மீ. நீளப் பட்டையாக லேபிளைப் பார்க்கும்போது தாராளமாகத் தெரியும். கையில் எடுத்தால் கதை வேறு. ஜாடியைத் திருப்பாமல் வசதியாகப் படிக்கக்கூடியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 7 செ.மீ. சொச்சம்தான். நடுவிலிருந்து இருபுறமும் 60 டிகிரி வளைந்த இடத்தில் எழுத்தின் அகலம் பாதியாகத் தெரியும். அதற்கு மேல் போனால் வெறும் கோடுகள். ஆகவே ஒரு தகவல் தொகுதியை, சேர்மானப் பட்டியலானாலும் பெயரானாலும், 6.5 செ.மீ. அகலத்துக்குள் நிறுத்துங்கள். ஒவ்வாமைக் குறிப்பின் பாதியைப் படித்துவிட்டு மீதிக்கு ஜாடியைத் திருப்ப வேண்டிய நிலை வரவே கூடாது.

உயரத்தை அளக்கும்போது ஜாடியின் தோளும் அடியும் வளையத் தொடங்கும் இடத்திலிருந்து 2, 3 மி.மீ. உள்ளே தள்ளி அளக்க வேண்டும். லேபிளின் ஓரம் வளைவில் ஏறினால் சுருக்கம் விழும், ஒரு வாரத்தில் நுனி தூக்கும். கண்ணுக்கு நேராகத் தெரியும் ஜாடிகள் பலவும் கீழ்நோக்கி லேசாகக் குறுகியிருக்கும். நேரான காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றிப் பாருங்கள். இரு முனைகளும் ஒரே மட்டத்தில் சந்திக்காவிட்டால் அது கூம்பு வடிவம். அதற்கு லேபிளையும் வில்போல வளைத்துத்தான் வெட்ட வேண்டும். செவ்வக லேபிள் கோணலாகத்தான் ஒட்டும்.

தமிழ் எழுத்தும் புள்ளியும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஒழுங்குமுறை, கட்டாயத் தகவல்களில் சிறிய ‘எக்ஸ்’ எழுத்தின் உயரம் குறைந்தது 1.2 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது. பொதியின் மிகப் பெரிய பரப்பு 80 சதுர செ.மீ.க்கும் குறைவானால் 0.9 மி.மீ. போதும். இவை லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அளவுகள். தமிழுக்கு அதே அளவைப் பொருத்தினால் படிக்க முடியாது. ண, னை, ழு போன்ற எழுத்துகளில் சுழியும் வளைவும் நெருக்கமாக இருப்பதால் உள்வெளியில் மை நிரம்பிவிடும். ‘ப’ எழுத்தின் உயரம் 1.5 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது, 1.8 கிடைத்தால் நல்லது. பாயின்ட் அளவை நம்பாதீர்கள். ஒரு ஃபான்ட்டின் 8 பாயின்ட் இன்னொன்றின் 7 போலத் தெரியும். அச்செடுத்து அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

தமிழில் மிகப் பெரிய ஆபத்து புள்ளியில் இருக்கிறது. பால், எள், மீன் ஆகிய மூன்றும் ஒவ்வாமைப் பட்டியலில் அடிக்கடி வரும் சொற்கள். மூன்றும் புள்ளி வைத்த எழுத்தில் முடிகின்றன. சிறிய அளவில் புள்ளி காணாமல் போனால் ‘எள்’ வெறும் ‘எள’ ஆகிவிடும். அவசரமாகப் படிக்கும் கண்ணுக்கு அது ஒரு சொல்லாகவே தோன்றாது. 1.5 மி.மீ. எழுத்தில் புள்ளியின் குறுக்களவு 0.3 மி.மீ. அளவில்தான் இருக்கும். அடர் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இட்டால் சுற்றியுள்ள மை பரவி அந்தப் புள்ளியை மூடிவிடும். ஆகையால் சேர்மானப் பட்டியலை எப்போதும் வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்தில் இடுங்கள். வளையம்போல உள்ளே வெற்றிடம் விட்ட புள்ளி உள்ள ஃபான்ட் தலைப்புக்கு அழகு. பட்டியலுக்குக் கட்டையான முழுப்புள்ளி உள்ளதே வேண்டும்.

இடம் போதவில்லை என்று எழுத்தை 70 சதவீதத்துக்கு ஒடுக்கினால் நெடுக்குக் கோடுகள் மெலிந்து அச்சில் உடையும். எழுத்துகளுக்கிடையே வெளியைக் கூட்டினாலும் சிக்கல்தான்: கால் குறி ‘ப’வை விட்டு விலகி நின்றால் ‘ர’ போலத் தெரியும். வரி இடைவெளியை மென்பொருள் தானாக 120 சதவீதம் வைக்கும். மேலே ‘கீ’யின் விசிறியும் கீழே ‘கூ’வின் வளைவும் மோதாமலிருக்கத் தமிழுக்கு 140 வேண்டும். இடம் உண்மையிலேயே போதாவிட்டால் முன்பக்கப் படத்தைச் சுருக்குங்கள், அல்லது விளம்பர வாசகத்தை எடுத்துவிடுங்கள். ‘இயற்கையின் சுவை’ என்ற வரி இல்லாததால் எவருக்கும் மூச்சுத் திணறாது.

அடோபி இன்டிசைன் மென்பொருளில் வேலை செய்தால் பத்தி அமைப்பில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ‘கொட்டை’யின் ஒற்றைக்கொம்பு ‘க’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத அச்சகத்தில் இதை யாரும் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார்கள். அனுப்பும் பிரதியில் எழுத்தை அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றிவிடுங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சுவை

கடையில் வைத்த உணவைத் திரும்பப் பெற நேர்வதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, லேபிளில் அறிவிக்கப்படாத ஒவ்வாமைப் பொருள். அந்தத் தவறு வடிவமைப்பாளரின் மேசையிலேயே தொடங்குவதும் உண்டு. முதல் சுவைக்கான கோப்பைப் பிரதியெடுத்து, பெயரையும் நிறத்தையும் மாற்றி இரண்டாவது சுவைக்கான லேபிளாக்குவோம். முன்பக்கம் புதிதாகத் தெரிவதால் வேலை முடிந்துவிட்டதாகக் கண் நம்பிவிடும். பின்பக்கத்தில் பழைய சேர்மானப் பட்டியல் அப்படியே கிடக்கும். பாதாம் சேர்த்த தேன் ஜாடியில் ‘சேர்மானம்: தேன்’ என்று மட்டும் இருந்தால், அந்த லேபிள் பொய் சொல்கிறது.

இதைத் தடுக்க வழி எளிது, ஆனால் கறாராகப் பின்பற்ற வேண்டும். பிரதியெடுத்தவுடன் முதல் வேலையாகப் பின்பக்க எழுத்து முழுவதையும் அழித்துவிடுங்கள். வெற்றிடம் கண்ணை உறுத்தும். பழைய எழுத்து உறுத்தாது. புதிய பட்டியலை வாடிக்கையாளர் கொடுத்த கோப்பிலிருந்து ஒட்டுங்கள். பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் செய்முறைக் குறிப்பை உரக்கப் படிக்க, மற்றவர் அச்செடுத்த லேபிளில் ஒவ்வொரு சொல்லாகக் கோடிட வேண்டும். வடிவமைத்தவர் சரிபார்ப்பவராக இருக்கக் கூடாது. எழுதியிருப்பதை விட்டுவிட்டு, எழுத நினைத்ததையே அவர் கண் படிக்கும்.

முன்னும் பின்னும் தனித்தனி லேபிளாக ஒட்டும் ஜாடிகளில் இன்னொரு கண்ணி உண்டு. ஒட்டும் மேசையில் சுருள்கள் மாறிப்போய், ஒரு சுவையின் முன்பக்கமும் வேறு சுவையின் பின்பக்கமும் ஒரே ஜாடியில் சேர்ந்துவிடும். முடிந்தால் ஒரே சுற்று லேபிளாக அமையுங்கள். முடியாவிட்டால் பின் லேபிளின் தலையில் சுவையின் பெயரையும் அதே நிறப் பட்டையையும் மறுபடி இடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஒட்டுபவர்களிலும் இருக்கலாம், வாங்குபவர்களிலும் இருக்கலாம். பெயர், நிறம், கூடவே வட்டம், முக்கோணம் போல ஒரு வடிவம் என்று மூன்றும் இருந்தால் தவறு சட்டென்று தெரியும்.

செய்முறை மாறினால் லேபிளும் மாற வேண்டும். பழைய லேபிள் ஆயிரக்கணக்கில் மிச்சமிருக்கிறதே என்று தீர்த்துவிட்டு மாற்ற நினைப்பார்கள். ஓரத்தில் சின்னதாகப் பதிப்பு எண்ணும் மாதமும் இட்டு வைத்தால், எது பழையது என்ற சண்டையாவது மிஞ்சாது.

மை, ஃபிலிம், தேதி

சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்றே போதும்: 100 சதவீதம் கறுப்பு, மற்ற மூன்று நிறமும் பூஜ்யம். திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் உள்ள கோப்பை அப்படியே அச்சு நிறங்களுக்கு மாற்றினால் கறுப்பு நான்கு நிறக் கலவையாகிவிடும். அச்சில் ஒரு நிறம் 0.1 மி.மீ. விலகினாலும் எழுத்தைச் சுற்றி நீலமும் சிவப்பும் நிழலடிக்கும். வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. பிளீட் (பின்னணி நிறத்தின் நீட்சி), உள்ளே 3 மி.மீ.க்கு எழுத்து வேண்டாம். படங்கள் அச்சளவிலேயே அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) இருக்கட்டும்.

கண்ணாடி ஜாடியில் ஒளி ஊடுருவும் ஃபிலிம் லேபிள் அழகாக இருக்கும். ஆனால் அச்சு மைகளும் ஒளி ஊடுருவக்கூடியவை. பின்னால் வெள்ளை மை அடித்தளம் இல்லாமல் மஞ்சளை அச்சிட்டால் தேனின் நிறம் அதை விழுங்கிவிடும். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை: ஜாடி எப்போதும் நிறைந்திருக்காது. கருந்தேன் பின்னணியில் பளிச்சென்று தெரிந்த வெள்ளை எழுத்து, பாதி காலியானதும் மறைந்துவிடும். படிக்கவேண்டிய எழுத்துக்குப் பின்னால் வெள்ளைக் கட்டம் இருக்கட்டும்.

குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் பொருளுக்குக் காகித லேபிள் ஒத்துவராது. வெளியே எடுத்ததும் வியர்க்கும், காகிதம் ஊறி உரியும். பாலிப்ரொப்பிலீன் ஃபிலிமும் குளிர் தாங்கும் பசையும் வேண்டும். ஒட்டும்போது ஜாடி உலர்ந்து, அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். எண்ணெய்ப் பொருள் என்றால் லேமினேஷன் கட்டாயம்.

லேமினேஷன் வந்தவுடன் தேதிக்கு வழி பார்க்க வேண்டும். வழுவழுப்பான பரப்பில் முத்திரை மை ஒட்டாது. எண்ணெய்க் கை பட்டால் தேதி அழிந்துவிடும். 25 × 8 மி.மீ. அளவில் வார்னிஷும் லேமினேஷனும் இல்லாத வெற்றுச் சன்னல் ஒன்றை விடச் சொல்லி அச்சகத்துக்குத் தனி லேயரில் குறித்துக் கொடுங்கள். லேமினேஷனில் சன்னல் விட முடியாது என்றால், மேலே எழுத ஏற்ற மேட் ஃபிலிமைக் கேட்டு, தேதி இடும் மையை அதில் தேய்த்துப் பாருங்கள். தேதியை மூடியில் இட வேண்டாம், மூடிகள் மாறும். ஜாடியின் அடியிலும் வேண்டாம், திறந்த ஜாடியை யாரும் கவிழ்த்துப் படிக்க முடியாது. 03/04 என்று எண்ணில் மட்டும் இட்டால் சிலர் ஏப்ரல் 3 என்றும் சிலர் மார்ச் 4 என்றும் படிப்பார்கள். மாதத்தை எழுத்தில் இடுங்கள்.

பார்கோடு பற்றிச் சுருக்கமாக. கடைப் பொருள்களில் வரும் 13 இலக்க இஏஎன் பார்கோடின் வழக்கமான அளவு 37.29 × 25.93 மி.மீ.; 80 சதவீதம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே கூடாது. இருபக்க வெற்றிடமும் அந்த அளவில் அடக்கம், அதை வெட்டாதீர்கள். ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் படிப்பதால் வெள்ளையில் சிவப்புக் கோடுகள் அவற்றுக்குத் தெரியாது. விட்டம் சிறிதான ஜாடியில் கோடுகள் ஏணிப்படிபோலக் கிடையாக வரும்படி திருப்பி வையுங்கள்; நெடுக்காக வைத்தால் ஓரக் கோடுகள் வளைவுக்குப் பின்னால் போய்விடும்.

அச்சிட்ட பக்கம் உணவைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வடிவமைப்பாளர்கள் அழகுக்காக உள் உறையிலும் படம் போடச் சொல்வதுண்டு. செய்தித்தாள் போன்ற காகிதத்தின் மையிலுள்ள கனிம எண்ணெய் உணவுக்குள் இறங்கும். உணவைத் தொடும் அடுக்கு எதுவும் அச்சிடாமல், உணவுக்கென்றே தயாரித்த பொருளாக இருக்கட்டும்.

ஜாடியில் ஒட்டிப் பார்ப்பது

திரையில் ஒப்புதல் வாங்காதீர்கள். 100 சதவீத அளவில் அச்செடுங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ தேர்வாகியிருந்தால் எல்லாம் சில சதவீதம் சுருங்கியிருக்கும். முதலில் சாதாரணக் காகிதத்தில் எடுத்து உண்மையான ஜாடியில் ஒட்டி, மாலை நேரச் சமையலறை வெளிச்சத்தில், கண்ணாடி போடாத ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கையில் கொடுங்கள். ‘இதில் எள் இருக்கிறதா, எப்போது வரை சாப்பிடலாம்’ என்று கேளுங்கள். ஐந்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் மறுபடி மேசைக்கு. அச்சகத்தின் மாதிரி லேபிள் வந்ததும் அதை ஓர் இரவு குளிரில் வைத்து, எடுத்து வியர்க்க விட்டு, எண்ணெய் தொட்ட விரலால் தேதியின் மேல் இருபது முறை தேயுங்கள். அதே ஜாடியைக் காலி செய்து, கழுவி, இன்னொரு முறை எள்ளைத் தேடச் சொல்லுங்கள்.