டிராகன் எஃபெக்ட்: பாம்பும் இல்லை, விளைவும் இல்லை

பாளையங்கோட்டையில் நண்பரின் ஸ்டுடியோவில் சாயங்காலம் போய் உட்காருவது என் வழக்கம். போன மாதம் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரியவருக்கு எண்பது முடிகிறது, வீட்டுக் கூடத்தில் மாட்ட நல்லதாக ஒரு படம் வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்த பையன் சுவரில் தொங்கிய மாதிரிப் படம் ஒன்றைக் காட்டி, “தாத்தா, ஒங்களுக்கு டிராகன் எஃபெக்ட் போட்டா சூப்பரா இருக்கும்” என்றான்.

பெரியவர் பேரப்பிள்ளைகளோடு டிவி பார்க்கிறவர் போலிருக்கிறது. “எய்யா, இந்த வயசுல எனக்கு எதுக்குப் பாம்புப் படம்? வேட்டி சட்டையோட இருந்தாப் போதும்” என்றார்.

சிரிப்பு அடங்கியதும் பையனிடம் கேட்டேன், அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று. “மூஞ்சி நெருப்பு கக்குத மாதிரி பயங்கரமா வரும்லா, அதான்” என்றான். பெயருக்குக் காரணம் தெரியாத இடத்தில் மக்களே ஒரு காரணத்தைக் கட்டிவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இதுவும் அந்த வகை. ஆனால் தவறு.

அந்த டிராகன் விலங்கு இல்லை, ஒரு மனிதரின் பெயர். ஆன்ஜெய் டிராகன் என்பவர் போலந்து நாட்டுக்காரர், தொழிலால் இயற்பியலாளர். வார்சா பல்கலைக்கழகத்தில் குவாண்டம் இயற்பியல் ஆய்வு செய்கிறவர், கூடவே பெயர்பெற்ற முகப்பட ஒளிப்படக்காரர். அவர் எடுத்த முகங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இருண்ட பின்னணி, நிறம் வடிந்துபோன தோல். ஒவ்வொரு சுருக்கமும், மயிர்க்காலும், கண்ணின் ஈரமும் செதுக்கி வைத்தது போலத் துருத்திக்கொண்டு நிற்கும். 2000-களின் நடுவில் இந்தப் படங்கள் இணையத்தில் பரவியபோது, இதை நாமும் செய்து பார்த்தால் என்ன என்று போட்டோஷாப் பழகுகிறவர்கள் ஆளுக்கொரு செய்முறை எழுதினார்கள். செய்முறைக்கு ஒரு தலைப்பு வேண்டுமே, எடுத்தவர் பெயரையே வைத்தார்கள். இங்கிலீஷில் அதை வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். நம் பையன்கள் ‘பண்ணு’ சேர்த்து “டிராகன் பண்ணிரு” என்கிறார்கள். ஏறக்குறைய அதே காரியம்தான்.

ஆள் பெயர் தொழில் சொல்லாவது புதிதில்லை. கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் ‘ரெம்பிராண்ட் லைட்டிங்’ என்று தினமும் சொல்கிறார்கள். ஒரு கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சின்னதாக முக்கோண வெளிச்சம் விழ வைப்பது அது. 1669-இல் இறந்துபோன டச்சு ஓவியரின் பெயர்.

ஒலியளவில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. இங்கிலீஷில் அந்த மனிதருக்கும் விலங்குக்கும் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே டிராகன்தான். வேரைத் தேடிப் போனால் இரண்டும் நேர் எதிர்த் திசையில் நிற்கின்றன. டிராகன் என்ற ஆள் பெயர் ஸ்லாவிய மொழிகளில் ‘அருமையான, அன்புக்குரிய’ என்ற பொருள் தரும் வேரிலிருந்து வருவது. நம் ஊரில் ‘செல்லையா’ என்று பெயர் வைப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விலங்கின் பெயர் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. அதைப் ‘பார்த்தல்’ என்னும் பொருளுடைய ஒரு வினையோடு இணைப்பார்கள், கூர்ந்து பார்க்கும் பிராணி என்று. ஒளிப்படக்காரருக்கு இரண்டாவது பொருள்தான் பொருத்தம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சொல்லாராய்ச்சியில் பொருத்தத்துக்கு மார்க் கிடையாது.

ஆகவே இதைப் ‘பறவைநாக விளைவு’ என்று யாராவது மொழிபெயர்த்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஆள் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. டிராகன் டிராகனாகவே இருக்கட்டும்.

சிக்கல் ‘எஃபெக்ட்’ என்ற பாதியில்தான் இருக்கிறது. அது லத்தீனில் ‘செய்து முடித்தல்’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. முதலில் ஒரு காரணத்தால் வந்து சேர்வதைக் குறித்தது. பிறகு, பார்க்கிறவர் மனதில் உண்டாகும் தோற்றத்தையும் குறித்தது. நாடக மேடையில் தகரத்தைத் தட்டி இடிச் சத்தம் கொடுப்பது இந்த இரண்டாவது பொருள். படத்தில் போடுவதும் இதுவே.

நாமோ முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு ‘விளைவு’ என்று பெயர்த்துவிட்டோம். ஒரு செயலியின் தமிழ்ப் பட்டியலில் ‘விளைவுகள்’ என்று பார்த்தபோது, இதை அழுத்தினால் என்ன கேடு வருமோ என்று எனக்கே ஒரு நொடி தயக்கம் வந்தது. அகராதியில் அடுத்து நிற்கும் ‘பாதிப்பு’ இன்னும் மோசம். விளைவு அருமையான சொல்தான். நம் தெற்குச் சீமையில் திசையன்விளை மாதிரி எத்தனை ஊர்கள் ‘விளை’ என்று முடிகின்றன! விளை என்றால் பயிர் விளையும் நிலம், விளைவு அங்கே கிடைப்பது. விதைத்ததற்கும் அறுத்ததற்கும் நடுவே மண்ணும் மழையும் காலமும் இருக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தி மூன்று நொடியில் வருவதற்கு அந்தச் சொல்லைச் செலவழிக்க மனம் வரவில்லை.

சரி, வேறு என்ன சொல்வது? அதற்கு முன்னால் கம்ப்யூட்டர் மேசையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். செய்கை தெரியாமல் சொல் அமையாது.

கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். திருச்செந்தூர் சாலையில், நெல்லையிலிருந்து கொஞ்ச தூரம். நாயக்கர் காலத் தூண் சிற்பங்கள், நரம்பும் நகமும் தெரியச் செதுக்கியவை. அங்கே கையில் ஒரு டார்ச் விளக்கு கொண்டுபோய்ப் பாருங்கள். சிலைக்கு நேர் எதிரே பிடித்தால் நரம்பெல்லாம் மங்கிவிடும். பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். நரம்பு கல்லை விட்டு வெளியே வந்துவிடும். டிராகன் எஃபெக்ட் செய்வது இதைத்தான். சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டுவது. படம் முழுவதற்குமான காண்ட்ராஸ்ட் வேறு, இந்த இடத்துக்கு இடம் கூட்டும் காண்ட்ராஸ்ட் வேறு. 2007 வாக்கில் லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ‘கிளாரிட்டி’ என்று ஒரு ஸ்லைடர் வந்ததே, அது கிட்டத்தட்ட இந்த வேலைக்கானது.

பையன் செய்யும் முறை இப்படி. முதலில் நிறத்தை அரைவாசிக்கு மேல் குறைப்பான். படத்தை அதன் மேலேயே இன்னொரு அடுக்காக, அதாவது லேயராக, நகல் எடுத்து அதில் ‘ஹை பாஸ்’ போடுவான். படம் சாம்பல் நிறமாகி ஓரங்கள் மட்டும் கோடு கோடாகத் தெரியும். அந்த லேயரை ‘ஓவர்லே’ முறைக்கு மாற்றினால் சரிபாதிச் சாம்பல் எதையும் தொடாமல் மறைந்துவிடும், கோடுகள் மட்டும் கீழே உள்ள முகத்தில் ஏறும். அப்புறம் ‘டாட்ஜ்’, ‘பர்ன்’. சுருக்கத்தின் மேட்டை வெளுப்பது, பள்ளத்தைக் கறுப்பது. பிரஷ்ஷின் வீரியத்தை ஐந்து, பத்து சதவீதத்தில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப. கண்ணுக்கு மட்டும் தனிக் கவனம். கடைசியில் ஓரங்களை இருட்டாக்குவான். கறுப்பு வெள்ளையாக்கிக் கலப்பதானால், வண்ணப் படத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக இருக்கும் சானல்களில் நீலத்தை எடுப்பான், ஏனென்றால் தோலின் புள்ளியும் தழும்பும் நீலத்தில்தான் அதிகம் தெரியும். சிவப்புச் சானலில் அதே முகம் குழந்தை முகம் மாதிரி வழவழவென்று இருக்கும்.

சிலர் இதை எச்டிஆர் என்று நினைக்கிறார்கள். அது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல தடவை எடுத்து ஒன்றாக்குவது. இதற்கு ஒரே படம் போதும்.

டாட்ஜும் பர்னும் பிலிம் காலத்து இருட்டறைச் சொற்கள். பிரிண்ட் போடும்போது ஒரு கம்பியில் ஒட்டிய அட்டையால் வெளிச்சத்தை மறைத்தால் அந்த இடம் வெளுக்கும், கையைக் குவித்து ஒரு பொத்தல் வழியே கூடுதல் வெளிச்சம் விட்டால் அந்த இடம் கறுக்கும். போட்டோஷாப்பில் அந்தக் கருவிகளின் சின்னங்கள் இன்றைக்கும் அந்த அட்டையும் குவித்த கையும்தான். நண்பரின் அப்பா அந்தக் காலத்து ‘டச்சிங்’ ஆள். நெகட்டிவ் மேல் ஒரு திரவம் பூசி, காய்ந்ததும் ஊசி போலச் சீவிய பென்சிலால் சுருக்கங்களை நிரப்புவாராம். முகத்தில் நிழலாக இருக்கும் சுருக்கம் நெகட்டிவில் வெளுப்பாக இருக்கும். அதில் பென்சில் ஏறினால் பிரிண்டில் சுருக்கம் போய்விடும். அறுபது வயதுக்காரருக்கு நாற்பது வயது முகம் கொடுத்தால்தான் காசு. அவருடைய பேரன் இன்று அதே நாற்காலியில் உட்கார்ந்து, இருக்கிற சுருக்கத்துக்கு மேல் சுருக்கம் ஏற்றிக் காசு வாங்குகிறான். தாத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது முக்கியமான விஷயம். பையன் என்னதான் தேய்த்தாலும் பல படங்களில் அது வருவதில்லை. கேமரா மேலேயே ஃபிளாஷ் போட்டு நேராக அடித்த படத்தில் நிழலே கிடையாது. இல்லாத நிழலை எதைக் கொண்டு கூட்டுவது? வாட்ஸப்பில் வந்த படமாக இருந்தால் இன்னும் அவதி. அது ஜேபெக் என்ற கோப்பு முறையில் வரும், அந்த முறை படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. கூர்மையைக் கூட்டினால் சுருக்கத்தோடு அந்தக் கட்டங்களும் மேலே வந்து, முகம் பத்தமடைப் பாய் மாதிரி ஆகிவிடும். ஆசைப்பட்டு அளவைக் கூட்டினால் தலையைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். சாமி படத்துக்கு ஆகும், நம் பெரியவருக்கு ஆகாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் டிராகனின் படத்தில் எந்த ஆளை எடுப்பது, எங்கே உட்கார வைப்பது, வெளிச்சம் எந்தப் பக்கம், எந்த நொடியில் கண் எதைப் பார்த்தது என்பதெல்லாம் இருக்கின்றன. அது அவருடைய பாணி. மேசைக்கு வருவதற்கு முன்பே அது முடிந்துபோனது. மேசையில் நமக்குக் கிடைப்பது அதன் மேல்தோல்.

அதனால் ‘டிராகன் பாணி’ என்பதையும் நான் ஒதுக்குகிறேன். பாணி அவருக்கே உரியது. நாம் செய்வதற்குச் சரியான தமிழ் ‘சாயல்’. டிராகன் சாயல்.

சாயலுக்கு ஒரு தடை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. தொல்காப்பியம் உரியியலில் ‘சாயல் மென்மை’ என்கிறது. கரடுமுரடான படத்துக்கு மென்மை என்ற சொல்லா என்று புலவர்கள் கேட்கலாம். கேட்கட்டும். சொல் அங்கேயே நின்றுவிடவில்லை. மென்மை, அழகு என்று இருந்தது, ஒன்றைப் போல இன்னொன்று தோன்றுவதற்கும் ஒரு நிறம் லேசாகப் படிந்திருப்பதற்கும் இன்று வழங்குகிறது. ‘அப்பாவின் சாயல்’ என்கிறோம், ‘நீலச் சாயல் ஓடுகிறது’ என்கிறோம். நமக்கு வேண்டிய இரண்டும் இதுதான்: ஒருவரின் படத்தைப் போல இருத்தல், நிறம் லேசாக மாறியிருத்தல்.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொள்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது, அது இலக்கணத்தில் கிடக்கிறது. எஃபெக்டைப் ‘போடு’ என்கிறோம், உப்புப் போடுவது போல. சாயலைப் போட முடியாது. சாயல் ‘வரும்’, ‘அடிக்கும்’, ‘தெரியும்’. பிள்ளைக்குத் தாத்தாவின் சாயல் வரலாம், வராமலும் போகலாம். யாரும் அதைப் பொத்தானை அழுத்தி வரவழைப்பதில்லை. “டிராகன் எஃபெக்ட் போடட்டுமா” என்று கேட்டால் வாடிக்கையாளர் எந்தப் படத்திலும் அது வரும் என்று நினைக்கிறார். “டிராகன் சாயல் வருமா பார்க்கிறேன்” என்றால் பேச்சே நேர்மையாகிவிடுகிறது. நம் பக்கத்தில் இதையே ‘சாடை’ என்றும் சொல்வோம். வாய்ப்பேச்சுக்கு அதுவும் போதும், எழுத்துக்குச் சாயல் நல்லது.

கூட்டமாக வரும் மற்ற சொற்களை அதிகம் இழுக்க வேண்டியதில்லை. ஃபில்டருக்கு ‘வடிப்பான்’ என்பது ஓரளவு பழகிவிட்டது. ஒரு தடவை அமைத்த அளவுகளைச் சேமித்து அடுத்த படத்துக்கும் பயன்படுத்தும் பிரீசெட்டை ‘முன்னமைவு’ எனலாம். “டிராகன் சாயலுக்கு ஒரு முன்னமைவு வைத்திருக்கிறேன்” என்று எழுதினால் தமிழ் தெரிந்த யாருக்கும் புரியும்.

ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன், சொல்லைப் பற்றி அல்ல. இந்தச் சாயலைப் பனையேறும் கிழவர், பீடி சுற்றும் அம்மா, ஆற்றுத்துறையில் உட்கார்ந்திருக்கும் பரதேசி என்று ஏழை முகங்களின் மேல்தான் ஏற்றுகிறார்கள். கரடுமுரடாக்கினால்தான் உழைப்பு தெரியும் என்று ஒரு நினைப்பு. கடை முதலாளி முகத்தில் யாரும் முயன்று பார்த்ததாகத் தெரியவில்லை.

நாங்குநேரிப் பெரியவர் கதைக்கு வருகிறேன். நண்பர் அவரைத் தெருப் பக்கத்து ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், மேற்கு வெயிலில் எடுத்தார். பையன் அரைமணி நேரம் அதில் வேலை செய்தான். அளவோடு நிறுத்தச் சொல்லிப் பின்னாலேயே நின்றோம். படம் திரையில் வந்ததும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“எங்க ஐயா சாடைல்லா அடிக்கு” என்றார்.

ரசீதில் பையன் ‘டி. எஃபெக்ட்’ என்று எழுதப் போனான். நண்பர் பேனாவை வாங்கி, ‘டிராகன் சாயல், 12-க்கு 18, பிரேமுடன்’ என்று எழுதிக் கொடுத்தார்.