வேலிக்கருவையின் உயிர் எதில் இருக்கிறது?

சிவகங்கைப் பக்கம், கண்மாய்க் கரையை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடம் தரிசாகக் கிடந்ததில் உள்ளே நாய்கூட நுழைய முடியாத அளவுக்கு வேலிக்கருவை அடைத்துவிட்டது. விறகு வெட்டும் ஆட்களைப் பிடித்து, கூலி கொடுத்து, மொத்தத்தையும் வெட்டச் சொன்னேன். பத்து நாளில் நிலம் பளிச்சென்று ஆனது. ஐப்பசி மழை பெய்து முடிந்து போய்ப் பார்த்தால், வெட்டிய ஒவ்வொரு தூரிலும் எட்டு, பத்து கிளைகள் கொத்தாகத் துளிர்த்து நின்றன. அடுத்த தீபாவளிக்குள் அவை என் தலைக்கு மேல் போய்விட்டன.

வெட்டியவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் புலம்பியபோது, பக்கத்துக் காட்டுக்காரப் பெரியவர் சிரித்தார். "தம்பி, நீங்க காட்டை அழிக்கல. கவாத்து பண்ணியிருக்கீங்க."

அவர் சொன்னது தாவரவியல் கணக்கில் அப்படியே சரி. பாட்டி கதையில் வரும் மந்திரவாதியை எத்தனை முறை வெட்டினாலும் சாகமாட்டான். அவன் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும். வேலிக்கருவைக்கும் உயிர் நிற்கும் இடம் வேறு. நல்லவேளை, ஏழு கடல் தாண்ட வேண்டாம், காலடி மண்ணுக்குள்தான் இருக்கிறது.

சீமைக் கருவேலம், வேலிக்காத்தான், டெல்லி முள் என்று ஊருக்கு ஒரு பெயரில் வழங்கும் இந்த மரம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்காவின் வடபகுதி ஆகிய இடங்களைச் சேர்ந்தது. 1877 வாக்கில், அன்றைய மதராஸ் மாகாணத்தின் கடப்பைப் பகுதியில், விறகுக்காக விதை தருவித்து விதைத்தார்கள். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்ற அதன் அறிவியல் பெயரை 2022-இல் நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்று மாற்றியிருக்கிறார்கள். பெயர் மாறினாலும் முள் மாறவில்லை.

வெட்டியதும் இப்படித் துளிர்ப்பது ஏன்? மரத்தின் கிளை நுனியில் இருக்கும் மொட்டுகள் ஆக்சின் என்ற ஒரு வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அது தண்டு வழியாகக் கீழே இறங்கி, அடியில் இருக்கும் மற்ற மொட்டுகளை முளைக்கவிடாமல் உறங்க வைக்கிறது. அடித்தூரைச் சுற்றி இப்படி எத்தனையோ மொட்டுகள் வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். மேலே வெட்டியதும் ஆக்சின் வரத்து நின்றுவிடுகிறது, தூங்கியவை எல்லாம் ஒரே சமயத்தில் விழித்துக்கொள்கின்றன. மல்லிகைக்குக் கவாத்து செய்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

விழித்த மொட்டுக்குக் கீழே காத்திருக்கும் சொத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு பெரிய மரத்துக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்த வேர்த்தொகுதி முழுவதும், அதில் சேர்த்து வைத்த மாவுச்சத்தோடு சேர்ந்து, இப்போது பத்துப் பொடித் தளிர்களுக்குச் சொந்தம். விதையிலிருந்து முளைத்த கன்று தன் வேரைத் தானே போட்டாக வேண்டும். தூர்த்தளிருக்கு அந்தக் கவலையே கிடையாது. கூட்டுக் குடும்பத்துச் சம்பாத்தியம் மொத்தமும் ஒரே பேரனுக்கு வந்தது போல. அதனால்தான் ஒரு வருடத்தில் ஆள் உயரம்.

சரி, அப்படியானால் வேர் முழுவதையும் தோண்டி எடுக்க வேண்டுமா? இதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். 1963-இல் ஆய்விதழில் வெளியான செய்தி அது. இதைக் கேட்டதும் பலருக்குக் கை சோர்ந்துவிடும். ஆனால் அந்த 53 மீட்டரைப் பற்றி நிலம் திருத்துபவர் கவலைப்பட வேண்டியதில்லை. இந்த மரத்தின் வேரிலிருந்து பொதுவாகப் புதுத் தளிர் வராது. தளிர்க்கும் மொட்டுகள் இருப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் மட்டும்தான். தரை மட்டத்திலிருந்து முதல் பக்கவேர்கள் பிரியும் இடம் வரை அது நீளும். பெரும்பாலும் 30 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். ஒரு சாண், அதற்கு மேல் நான்கு விரல். அந்தத் துண்டை வெளியே எடுத்துவிட்டால் கீழே மிச்சம் கிடக்கும் வேர் வெறும் கட்டை. கரையான் பார்த்துக்கொள்ளும்.

வெட்டுவதும் தூர் எடுப்பதும் ஒரே வேலையின் இரண்டு அளவுகள் என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரத்தில் கரிமூட்டம் போடுபவர்கள் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை இதே மரத்தைத் தரையோடு வெட்டுகிறார்கள். மறுபடி துளிர்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வெட்டுகிறார்கள். அது அவர்கள் மகசூல். நான் செய்ததும் இம்மி பிசகாமல் அதே வேலை, நோக்கம் மட்டும் நேர் எதிர்.

தூர் எடுக்கக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும், கன்றாக இருந்தால். மணிக்கட்டுப் பருமனைத் தாண்டிவிட்டால் ஜேசிபி வேண்டும். அந்த இயந்திரத்தின் பலம் எண்ணெயில் இருக்கிறது. இன்ஜின் ஒரு பம்பைச் சுழற்ற, பம்பு எண்ணெயை 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் உருளைகளுக்குள் தள்ளுகிறது. நாம் வாழும் காற்றழுத்தத்தைப் போல இருநூறு மடங்குக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்குள் இருக்கும் பிஸ்டனின் பரப்பு முழுவதும் அந்த அழுத்தம் விழுவதால், ஓட்டுநர் விரலால் நகர்த்தும் லீவருக்கு டன் கணக்கில் இழுவிசை கிடைக்கிறது.

விசை இருந்தால் மட்டும் போதாது, கை பழக வேண்டும். பழகாத ஓட்டுநர் வாளியை மரத்தில் மாட்டி நேராக இழுப்பார். தண்டு தரைமட்டத்தில் முறிந்துவிடும், கழுத்து மண்ணிலேயே தங்கிவிடும். பார்க்க வேலை முடிந்தது போலிருக்கும், மழைக்குத்தான் குட்டு வெளிப்படும். தெரிந்தவர் முதலில் மரத்தைச் சுற்றி வாளிப் பல்லை இறக்கிப் பக்கவேர்களை அறுப்பார். பிறகு தூருக்குப் பின்னால் பல்லை ஆழமாகக் கொடுத்து நெம்பி எடுப்பார். எடுத்த தூரை இரண்டு உதறு உதறி, ஒட்டியிருக்கும் மேல்மண்ணை அதே குழியில் கொட்டிவிட்டுத்தான் ஓரத்தில் போடுவார். இந்த உதறலுக்கு ஆகும் நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் வளமான மண்ணைக் குப்பையோடு வரப்போரத்தில் குவித்துவிட்டு, களிமண்ணில் விதைக்கிறார்கள். என் கணக்கில் மணி வாடகையைவிடப் பெரிய செலவு அதுதான்.

மண்ணின் பதமும் முக்கியம். காய்ந்து இறுகிய மண் வேரைச் சிமென்ட் போலப் பிடித்திருக்கும், தண்டு முறியும். மழை பெய்து ஈரம் இறங்கியபின் மண்துகள்களுக்கு இடையிலான பிடி தளர்ந்து, தூர் முழுசாக வரும். ஆனால் கரிசலில் ஈரம் அதிகமானால் வண்டியே புதையும். ஏர் ஓட்டப் பதம் பார்ப்பது போலத்தான் இதுவும்.

மேலை நாடுகளில் பற்கள் பதித்த உருளையைச் சுழற்றி, நின்ற மரத்தை நின்றபடியே தூளாக்கும் மல்ச்சர் இயந்திரங்கள் ஓடுகின்றன. தூள் நிலத்தை மூடுவதால் மண் அரிப்பு குறையும். ஆனாலும் தரைக்கு மேலே வேலை செய்வதால் இந்த மரத்தைப் பொறுத்தவரை அதுவும் கவாத்துதான். தீ வைத்தாலும் அப்படியே: மேலே கருகும், மண்ணுக்குள் இருக்கும் மொட்டு பிழைத்துக்கொள்ளும். டெக்சாஸில் தரைக்குக் கீழே ஓர் அடி ஆழத்தில் கிடைமட்டமாக ஓடும் பெரிய கத்தியை டிராக்டரில் கட்டி இழுத்துக் கழுத்துக்குக் கீழே அறுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் களைக்கொல்லியையும் பயன்படுத்துகிறார்கள். வெட்டிய கையோடு, மரப்பட்டைக்கு உட்புறம் இருக்கும் உயிருள்ள வளையத்தில் பூசினால்தான் மருந்து கீழே இறங்கும். நடுவில் இருக்கும் வைரம் செத்த கட்டை, அதில் எவ்வளவு ஊற்றினாலும் வீண்.

வண்டி இறங்கும் முன் ஒரு முறை காட்டைச் சுற்றி வாருங்கள். நாட்டுக் கருவேலமும் வன்னியும் இதற்குள் கலந்து நிற்கும், ஓட்டுநருக்கு எல்லாம் முள்மரம்தான். நாட்டுக் கருவேலத்தில் பூ மஞ்சள் உருண்டையாகவும், காய் மணி கோத்த மாலை போலவும் இருக்கும். வேலிக்கருவையின் பூ பூனைவால் போல நீண்ட கதிர், காய் தட்டையாகச் சற்று வளைந்து பழுக்கும்போது மஞ்சளாகும். விட வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் குழப்பம் இல்லை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி மாவட்டந்தோறும் வேலிக்கருவையை அகற்றும் வேலை நடந்து, அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

இடையில் பரவிய ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மரம் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறதாம். இலைக்குள் இருக்கும் ஈரப்பதம் வெளிக்காற்றைவிட எப்போதும் அதிகம். எனவே நீராவி இலையிலிருந்து காற்றுக்குத்தான் போகும், எல்லா மரத்திலும் அப்படித்தான். மண்ணுக்கடியில் இருக்கும் நீரை இது எடுக்கிறது என்பது உண்மை. இதன் சருகு மற்ற விதைகளை முளைக்கவிடாமல் தடுப்பதும் உண்மை. குற்றப்பத்திரிகைக்கு அவையே போதும், இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

எடுத்த தூர் வீணாகாது. விறகையும் தூரையும் நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் இலையும் பரப்பி, மேலே மண் பூசித் தீ வைத்தால் அதுதான் மூட்டம். காற்று போதாததால் கட்டை எரிந்து சாம்பலாகாமல் வெந்து கரியாகிறது. முதலில் வரும் அடர்ந்த வெள்ளைப் புகையில் பெரும்பகுதி நீராவி. பிறகு மரத்தின் வாயுக்கள் வெளியேறும். புகை மெலிந்து நீலம் தட்டினால் மிஞ்சியது பெரும்பாலும் கார்பன், துளைகளை அடைக்கும் நேரம் வந்துவிட்டது. பொறுமை இல்லாமல் பிரித்தால் காற்றுப் பட்டு மொத்தமும் பற்றிக்கொள்ளும். நான்கைந்து கிலோ கட்டைக்கு ஒரு கிலோ கரி தேறும்.

தூர் போனாலும் விதை இருக்கிறது. இனிப்பான காயை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் விதை, குறிப்பாக மாட்டின் வயிற்றில், செரிக்காமல் தப்பி, ஓடு இளகி, சாணத்தோடு விழுந்து முளைக்கும். மண்ணில் கிடப்பவை வருடக்கணக்கில் காத்திருக்கும். கிளறிய மண்ணில் வெயில் பட்டதும் முதல் மழைக்கே கிளம்பிவிடும். எனவே காட்டை அழித்த கையோடு சோளமோ கம்போ விதைத்து நிலத்தை மூடிவிட வேண்டும். இந்தக் கன்றுகளுக்கு நிழல் ஆகாது. காய் தின்ற மாடுகளை ஒரு வாரமாவது உள்ளே விடாமல் இருப்பதும் நல்லது.

முளைத்த கன்றில் வித்திலை இரண்டும் ஒட்டியிருக்கும் கணுதான் அதன் முதல் உயிர்நிலை. அந்தக் கணுவுக்குக் கீழே கிள்ளினால் செத்துவிடும், மேலே கிள்ளினால் துளிர்க்கும். கன்று வளர வளர, மழையில் அடித்து வரும் மண் சேர்ந்து அந்தக் கணு மெல்லப் புதைகிறது. அப்புறம் ஜேசிபியைத் தேட வேண்டியதுதான்.

தூர் எடுத்தபின் வந்த முதல் ஐப்பசியில், பாத்தி பாத்தியாக நடந்து கன்றுகளைப் பிடுங்கினேன். ஈரமண்ணில் இரண்டு விரலுக்கு வந்துவிடுகிறது. முந்நூறு வரை எண்ணினேன், பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது. மறு வருடம் அறுபத்துச் சொச்சம்.