படத்தில் ஒட்டி நின்றால் பக்கத்து வீடா?

போன வாரம் ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ‘ஸ்டீஃபன் ஐவர்’ என்ற கேலக்ஸிக் (விண்மீன் மண்டல) கூட்டத்தின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். கீழே, ‘மோதிக்கொள்ளும் ஐந்து கேலக்ஸிகள்’. இந்த மாதத்தில் இது நான்காவது தடவை. முந்தைய மூன்றும் வாட்ஸ்அப்பில் வந்தவை. அதில் ஒன்றை அனுப்பியவர் என்னோடு இயற்பியல் படித்தவர்!

ஐந்து இல்லை, நான்கு. இடது ஓரத்தில் இருக்கும் என்.ஜி.சி. 7320 சுமார் 4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. மற்ற நான்கும் 29 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். 1877-ல் இந்த ஐவரைக் கண்டுபிடித்த எதுவார் ஸ்டீஃபனுக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் 1961-லேயே வானியலாளர்களான பர்பிட்ஜ் தம்பதியர் நிறமாலை எடுத்து, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, பார்த்துவிட்டார்கள். மற்றவை வினாடிக்கு ஏறக்குறைய 6,000 கி.மீ. வேகத்தில் விலகிப் போக, 7320 மட்டும் 800 கி.மீ. தொலைவில் இருப்பவைதான் வேகமாக விலகும்.

வானத்துப் படத்தில் ஆழம் கிடையாது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் நிலா தென்னைமரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும். அதற்காக யாரும் ஏணி தேடுவதில்லை. கேலக்ஸி என்றால் மட்டும் ஏன் நம்பிவிடுகிறோம்? பக்கத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிறதா என்பதை நிறமாலைதான் சொல்ல வேண்டும்.

சரி, இதற்கு ஏன் இத்தனை கோபம்? ஒரு கேலக்ஸி எங்கே, யாரோடு இருக்கிறது என்பது அதன் வாழ்க்கையையே மாற்றுகிறது. நெரிசலான கொத்துக்குள் விழுந்தால் வாயுவைப் பறிகொடுத்து, விண்மீன் பிறப்பு சீக்கிரமே நின்றுவிடும். பிரபஞ்சத்தில் விண்மீன்கள் மும்முரமாகப் பிறந்தது சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இன்றைய வேகத்தைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. தூரத்து ஒளி வந்துசேர நாளாகும், அதனால் தொலைவில் பார்ப்பது பழங்காலத்தைப் பார்ப்பது. தூரம் தப்பினால் காலமும் தப்பும், இந்தக் கணக்கு முழுவதும் குழம்பும்.

வானியலாளர்களான நாங்களும் ஏமாந்திருக்கிறோம், மறைக்கவில்லை. 2022-ல் சியர்ஸ்-93316 என்ற கேலக்ஸியை, நிறத்தை மட்டும் வைத்து, பெருவெடிப்புக்குப் பின் 25 கோடி ஆண்டுக்குள் இருந்தது என்று கணித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த நிறமாலை, 120 கோடி ஆண்டு என்றது, அதாவது நினைத்ததைவிடக் குறைந்த தூரம். தூசும், வாயு குறிப்பிட்ட நிறங்களில் பளிச்சென்று விடும் ஒளிக்கோடுகளும் நிறத்தை மாற்றிக்காட்டிச் செய்த வேலை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், நிறமாலைக்கு முன்பே ஒரு குழு அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டது. அண்டை கேலக்ஸிகளெல்லாம் அந்தக் குறைந்த தூரத்தில் இருப்பதாகத் தெரிந்தன. கேலக்ஸிகள் கூட்டமாக வாழ்பவை, இது மட்டும் ஏன் தனியே?

ஆகவே, ‘மிகத் தொலைவான’ என்ற செய்தி வந்தால் நிறமாலை எடுத்தார்களா என்று தேடுங்கள். எடுக்கவில்லையென்றால் ஆறு மாதம் பொறுங்கள், ஃபார்வர்டு செய்யாதீர்கள். வெப் படத்தின் வண்ணங்கள், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கு நாங்கள் கொடுத்தவை. சிவப்பாக இருந்தால் கிழம் என்று முடிவுகட்டாதீர்கள். ஆசிரியர்களே, தயவுசெய்து படத்துக்குக் கீழே தூரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

கண்காட்சியில் அந்தப் படத்தை ஒட்டியிருந்த மாணவி நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, “அப்போ அந்த அஞ்சாவதை வெட்டிடணுமா சார்?” என்றாள். வெட்ட வேண்டாம்மா, இருக்கட்டும் என்றேன். பேனா வாங்கி ஐந்தை நான்காக்கினாள். 7320-க்குப் பக்கத்தில் ‘இவர் சும்மா முன்னால் நிற்கிறார்’ என்று எழுதினாள்.