பன்னிரண்டு லட்சத்துக்குக் கிடைக்கும் அறுபது லட்ச ரூபாய் கார்

பெங்களூரில் பத்து வயதான ஒரு பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸோ, ஆடி ஏ4 காரோ, மெர்சிடிஸ் சி கிளாஸோ இன்று ஒரு புதிய கிரெட்டாவை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கதவைச் சாத்தினால் வரும் அந்தக் கனமான சத்தம், தோல் சீட், மிதித்தவுடன் சீறும் இன்ஜின் எல்லாம் அப்படியே இருக்கும். சேலம், தருமபுரி, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்து எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பொம்மனஹள்ளியிலும் குடியிருக்கும் நம் பிள்ளைகள் பலர் வார இறுதியில் இப்படி ஒரு வண்டியை எங்கள் கேரேஜுக்குக் கொண்டு வந்து நிறுத்தி, "அண்ணா, இதை வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. நல்ல வண்டிகளும் நிறையவே இருக்கின்றன. ஆனாலும் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் நான் ஒன்றைக் கேட்டுவிடுவேன்: "பணம் கொடுத்து முடித்த பிறகு கையில் எவ்வளவு மிச்சம் இருக்கும், தம்பி?"

காரணம் இருக்கிறது. அறுபது லட்சத்துக்கு விற்ற கார் பத்து வருடத்தில் பன்னிரண்டு லட்சத்துக்கு இறங்கிவிடும். அதன் ஹெட்லைட்டோ, பிரேக் டிஸ்க்கோ, கியர்பாக்ஸோ அப்படி இறங்குவதில்லை. இறக்குமதிச் செலவும் சேர்ந்து ஏறத்தான் செய்யும். வெளியில் உள்ள நல்ல கேரேஜில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் சாதாரண சர்வீசுக்கே பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம் ஆகும். பம்பரை யாரோ இடித்து எல்.இ.டி. ஹெட்லைட் ஒன்று உடைந்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும். பி.எம்.டபிள்யூ. செடான்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது, ரன்ஃப்ளாட் டயர்தான். காற்றில்லாமல் 80 கிலோமீட்டர் வரை, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் ஓடும் என்பது அதன் வசதி. நான்கையும் மாற்றும் நாளில்தான் அதன் விலை தெரியும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் ஊரில் சொல்வார்களே, அது இந்த வண்டிகளுக்கு அப்படியே பொருந்தும்.

நான் சொல்லும் கணக்கு இதுதான். வாங்கும் விலையில் கால் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். முதல் ஒரு வருடத்தில் அது தேவைப்படலாம், படாமலும் போகலாம். பத்து லட்சம் இருந்தால் எட்டு லட்ச ரூபாய் வண்டியைப் பாருங்கள். பத்தையும் வண்டியிலேயே போட்டால் முதல் பெரிய வேலை வரும்போது கடன்தான் வாங்க வேண்டியிருக்கும்.

என்னென்ன பெரிய வேலை வரும்? முதலில் கியர்பாக்ஸ். பி.எம்.டபிள்யூ. செடான்கள் பலவற்றில் இருப்பது இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். மிக நல்ல பெட்டி. ஆனால் அதன் ஆயிலை மாற்றவே வேண்டாம், வண்டியின் ஆயுள் முழுக்கப் போதும் என்று பல கார் கம்பெனிகள் சொல்லி வைத்துவிட்டன. பெட்டியைச் செய்த இசட்.எஃப். சொல்வதோ வேறு: 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். நான் இசட்.எஃப். பக்கம்தான். சில்க் போர்டு சிக்னலிலும் மாரத்தஹள்ளிப் பாலத்திலும் தினமும் ஊர்ந்து போகும் வண்டியின் கியர் ஆயில், கழற்றிப் பார்த்தால் கறுப்பாகத்தான் வருகிறது. இதில் ஆயில் ஃபில்டர், அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக் சம்ப்போடு, அதாவது ஆயில் தட்டோடு, சேர்ந்தே இருக்கிறது; இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். மொத்தமாக நாற்பது, ஐம்பதாயிரம் ஆகும். இதைச் செய்யாமல் ஓட்டி, கியர் மாறும்போது உதைக்க ஆரம்பித்த பிறகு வந்தால் செலவு லட்சக் கணக்குக்குப் போய்விடும். பழைய ஆடிகளில் சில, பெல்ட் போல ஓடும் மல்டிட்ரானிக் பெட்டியோடு வந்தவை. அவற்றை நான் பொதுவாக யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

அடுத்தது டைமிங் செயின், அதாவது பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று ஒத்து ஓட வைக்கும் சங்கிலி. பி.எம்.டபிள்யூ.வின் என்47 என்ற இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின், 2007 வாக்கில் வந்து 2014, 2015 வரை 320டி, 520டி கார்களில் ஓடியது. அதில் செயின், இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பின்னாலிருந்து ஒரு கரகரப்பு கேட்கும். மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். உதிரிபாகத்தை விடக் கூலிதான் அதிகம். அறுந்துவிட்டாலோ வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். எல்லா வண்டியிலும் இது வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இன்ஜின் உள்ள வண்டியைச் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை, காலையில் நீங்கள் போய் நின்று, உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் ஏர் சஸ்பென்ஷன். எஸ் கிளாஸ், ஏ8, சில ஈ கிளாஸ்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை இருக்கும். ரப்பர் பை வயதாக ஆக வெடிப்பு விடும், காற்று கசியும். கசிவைச் சரிக்கட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். ஒரு பையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இரண்டாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர்கூட வேண்டாம். ஒரு ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் விற்பவரிடம் அதைச் சொல்லி விலை பேசுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாணியம்பாடிப் பக்கத்துப் பையன், கல்யாணமான புதிது. ஒரு புரோக்கர் மூலம் ஒரு ஜெர்மன் செடானை, முக்கால் பங்குக்கு மேல் கடன் போட்டு வாங்கினார். செகண்ட் ஹேண்ட் வண்டிக்கான கடன் வட்டி, புது வண்டிக்கு உள்ளதை விட அதிகம் என்பதை மாதத் தவணையாக மட்டும் பார்த்ததால் அவர் கவனிக்கவில்லை. நான்காவது மாதம் கியர்பாக்ஸ் நின்றது. வேலைக்கான தொகையைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. வண்டி கேரேஜில் நிற்க, தவணை மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மனைவியின் நகையை வைத்துத்தான் வேலையை முடித்தார். வாங்குவதற்கு முன் லிஃப்டில் ஏற்றிப் பார்த்திருந்தால், கியர்பாக்ஸ் ஓரத்தில் பழைய ஆயில் கசிவு காய்ந்து கிடந்தது தெரிந்திருக்கும். அந்தச் சோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும்.

அதனால் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்கேனர் போட்டு எரர் இல்லை என்று காட்டினால் நம்பிவிட வேண்டாம். விற்பதற்குச் சற்று முன் எரரை அழித்துவிடுவது இரண்டு நிமிட வேலை. எரரை அழித்தால் வண்டியின் கம்ப்யூட்டர் தன் உள் சோதனைகளை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்தச் சோதனைகள் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டினால் யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஐம்பது அறுபது கிலோமீட்டர், ஹைவேயும் டிராஃபிக்கும் கலந்து ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தால் மறைந்திருந்த பல எரர்கள் வெளியே வரும். கிலோமீட்டரும் அப்படித்தான். மீட்டரைத் திருப்புகிறவர் முன்னால் தெரியும் எண்ணை மாற்றுவார். ஆனால் பல கார்களில் கியர்பாக்ஸ் யூனிட் போன்ற வேறு இடங்களிலும் அந்த எண் பதிந்திருக்கும், பி.எம்.டபிள்யூ. பலவற்றில் சாவியிலேயே இருக்கும். எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனியே குறையைச் சரிசெய்து தரும் திரும்ப அழைப்பு (ரீகால்) வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள். 2018இல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது, புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலரில் கூலன்ட் கசிவதே காரணம் என்று தெரிந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். கூலன்ட் காரணமில்லாமல் குறையும் டீசல் வண்டியை "கொஞ்சம் ஊற்றிக்கொண்டால் போதும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பெங்களூருக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யெமலூர், சர்ஜாப்பூர் ரோடு பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்து விலையுயர்ந்த கார்கள் பேஸ்மென்டிலேயே மூழ்கியது நினைவிருக்கும். அப்படி மூழ்கும் வண்டிகள் கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வருகின்றன, வேறு ஊர்ப் பதிவோடும் வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே மிஞ்சியிருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள ரயில், போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை அமுக்கிப் பாருங்கள். 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்களில் பேட்டரியே டிக்கியில்தான் இருக்கிறது. டிக்கியின் அடியில் தண்ணீர் நின்ற அடையாளம் இருந்தால் அந்த வண்டியைத் தொடவே வேண்டாம். ஒயர் கனெக்டர்களில் பூத்த பச்சைக் களிம்பு எந்த மாதம் எந்த லைட்டை எரிய வைக்கும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

டெல்லி வண்டி மலிவு என்று கொண்டு வருபவர்களும் உண்டு. மலிவுக்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து வருடம் தாண்டிய டீசலும் பதினைந்து தாண்டிய பெட்ரோலும் தலைநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025இல் அதில் சில மாற்றங்கள் வந்தன. ஆனாலும் அந்தப் பயத்தில் விலை இறங்கியது இறங்கியதுதான். வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் வேறு மாநிலப் பதிவோடு 12 மாதத்துக்கு மேல் கர்நாடகத்தில் வைத்திருக்க வேண்டுமானால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், ஆயுள் வரி கட்ட வேண்டும். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு இங்கே வரி 18 சதவீதம். வயதுக்கு ஏற்ப அது குறையும் என்றாலும், கணக்குப் போடுவது அந்த வண்டி புதிதாக விற்றபோது இருந்த விலையை வைத்து. நீங்கள் மலிவாக வாங்கியது அங்கே செல்லாது. ஆர்.டி.ஓ.வில் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே டெல்லிக்கு டிக்கெட் போடுங்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாம் தரப்புப் பிரீமியம் பெரிய விஷயமில்லை, 1500 சி.சி.க்கு மேல் எல்லா காருக்கும் ஒன்றுதான். சிக்கல் உங்கள் வண்டிச் சேதத்தில். தேய்மானம் கழிக்காமல் பாகத்தின் விலையைத் தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசியை ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு எல்லா நிறுவனமும் தருவதில்லை. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் இவற்றின் விலையில் பாதி உங்கள் தலையில். பம்பரும் ஹெட்லைட்டும் பிளாஸ்டிக்தானே. தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி தராது; இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். பெங்களூர் மழைக்கு அதைச் சேர்க்காமல் விடவே விடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவும் கூடாது.

செலவைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. கம்பெனி முத்திரையோடு விற்கும் பாகங்களில் பெரும்பகுதி வேறு நிறுவனங்கள் செய்து கொடுப்பவை. சஸ்பென்ஷன் ஆர்முக்கு லெம்ஃபோர்டர், ஷாக் அப்சார்பருக்கு சாக்ஸ், ஃபில்டருக்கு மான், சென்சாருக்கு பாஷ் என்று அதே தயாரிப்பாளர் பெயரில் வாங்கினால் கணிசமாகக் குறையும். பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், ஆனால் போலியும் அங்கேயே கிடைக்கும். பில் தராத கடையில் வாங்காதீர்கள். பேட்டரி மாற்றினால்கூட பி.எம்.டபிள்யூ. போன்ற கார்களில் புது பேட்டரியைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், இல்லையென்றால் அது சீக்கிரம் சாகும். இதெல்லாம் தெரிந்த, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கேரேஜை வண்டி வாங்கும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் ஆபீஸ் போய் வர மட்டும்தான் என்றால் டீசலே வேண்டாம். புகை வடிகட்டியான டி.பி.எஃப். சுத்தமாக வேண்டுமானால் வண்டி தடையில்லாமல் கொஞ்ச நேரம் வேகமாக ஓட வேண்டும். நகருக்குள் அது நடக்காது, அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊருக்குப் போய் வருபவருக்கு அந்தக் கவலை குறைவு. பெயரும் பளபளப்பும் முக்கியமில்லை, நிம்மதிதான் வேண்டும் என்பவருக்கு நான் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டைத்தான் காட்டுவேன். ஓட்டும் சுகம் ஜெர்மன் வண்டி அளவுக்கு வராது, கேரேஜ் பக்கம் வருவதும் அந்த அளவுக்கு இருக்காது.

கடைசியாக டோக்கன் அட்வான்ஸ். வண்டி பிடித்துவிட்டால் "வேறு பார்ட்டி காத்திருக்கிறார்" என்று அவசரப்படுத்துவார்கள். கொடுப்பதானால் சிறு தொகையாக, கையில் ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாகக் கொடுங்கள். ரசீதில், சோதனையில் குறை தெரிந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கவே சம்மதிக்காதவரிடம் அந்தச் சிறு தொகையையும் கொடுக்க வேண்டாம்.