திரும்பி நிற்கும் மூன்று

வாசகி ஒருவர் யூ.கே.ஜி. படிக்கும் தன் மகளின் நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பக்கத்தின் மேலே 3 இருக்கிறது, ஆனால் வயிறு இரண்டும் இடப்பக்கம். ஆங்கிலச் சின்ன ‘பி’ (b) வரவேண்டிய இடங்களில் எல்லாம் சின்ன ‘டி’ (d). தமிழ்ப் பக்கத்தில் ட-வின் அடிக்கோடு வலப்பக்கம் போகாமல் இடப்பக்கம் நீண்டிருக்கிறது. “இவளுக்கு இடது கைப் பழக்கம். அதனால்தான் இப்படி என்று வீட்டில் பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணிக்கிறார்கள். மாமியார் தாயத்து கட்டலாம் என்கிறார். எனக்கு டிஸ்லெக்சியாவோ, அதாவது வாசிப்புக் குறைபாடோ என்று பயம்” என்று எழுதியிருந்தார்.

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். ஐந்து வயதில் இது ஊர் உலகத்தில் பெரும்பாலான குழந்தைகள் செய்வது. வலது கைக்காரப் பிள்ளைகளும் இப்படித்தான் எழுதுகிறார்கள். பென்சிலை அவள் கையிலேயே விடுங்கள்.

ஏன் திருப்பி எழுதுகிறாள்? கண்ணில் விழும் பிம்பம் மூளையின் பின்புறம் போய்ச் சேர்வது பள்ளிப் பாடம். அங்கிருந்து அது ‘இது என்ன பொருள்’ என்று கண்டுபிடிக்கும் பகுதிக்குப் போகிறது. இந்தப் பகுதிக்கு இடமும் வலமும் ஒரு பொருட்டே இல்லை. பூனை இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும் பூனைதான். புதருக்குள் புலியின் இடது கன்னத்தைப் பார்த்தவன், மறுநாள் வலது கன்னத்தைப் பார்த்து ‘இது வேறு ஏதோ’ என்று நின்றிருந்தால் பிழைத்திருக்க மாட்டான். குரங்குகளின் மூளையிலும் இதே பழக்கம் உண்டு. ஓர் உருவத்தையும் அதன் கண்ணாடி பிம்பத்தையும் அங்குள்ள நரம்பணுக்கள் ஏறக்குறைய ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன என்று 2000-ல் வெளியான ஆய்வு காட்டியது.

எழுத்து என்பது வந்து சுமார் 5000 ஆண்டுகள்தான் ஆகிறது. அதற்கென்று மூளையில் தனி உறுப்பு முளைக்க இந்தக் காலம் போதாது. அதனால் படிக்கக் கற்கும் குழந்தை, பொருள்களை அடையாளம் காணும் பகுதியில் ஒரு துண்டைக் கடன் வாங்குகிறது. இடது காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பக்கம். இதை ‘மறுபயன்பாடு’ என்கிறார் பிரெஞ்சு அறிவியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹான். அவர் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில் ஓர் அழகான செய்தி இருந்தது. வாசிக்கத் தெரிந்த பெரியவர்களிடம், இந்தத் துண்டு திருப்பிப்போட்ட படத்தைப் பழைய படமாகவே எடுத்துக்கொண்டது. திருப்பிப்போட்ட சொல்லை மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. லட்சக்கணக்கான ஆண்டுப் பழக்கத்தை எழுத்துக்காக மட்டும் மறந்திருக்கிறது! உங்கள் மகள் இப்போது அந்த மறதியைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அவள் மனம்போன போக்கில் திருப்பவும் இல்லை. பிரான்சில் உளவியலாளர் ழான்-போல் ஃபிஷர் குழந்தைகளின் எழுத்தை ஆராய்ந்தபோது, 3 (அதன் திறந்த வாய் இடப்பக்கம்), ஜே, இஸட் போல இடப்பக்கம் பார்ப்பவைதான் அதிகம் திரும்பின. சி, ஈ போல வலப்பக்கம் பார்ப்பவை அவ்வளவாகத் திரும்பவில்லை. பெரும்பாலான எழுத்துகள் வலப்பக்கம் பார்ப்பதைக் குழந்தை தானாகக் கவனித்து, அந்த விதியை எல்லாவற்றுக்கும் போடுகிறது. இது கவனக்குறைவா? அசல் சிந்தனை.

தமிழுக்கு இதில் தனிக் கதை உண்டு. ட-வைத் திருப்பினால் அது வேறு எழுத்தாகிவிடாது. பி, டி போன்ற கண்ணாடி ஜோடி நம் எழுத்தில் இல்லை. மொழியியலாளர் எரிக் பெடர்சன் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள், எழுத்தறியாதவர்களைப் போலவே, ஓர் உருவத்தையும் அதன் கண்ணாடி பிம்பத்தையும் ஒன்றென்றே கொண்டார்கள். தமிழோடு ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்கள் இரண்டையும் பிரித்தார்கள். இரண்டு எழுத்துமுறைகளை ஒரே வருடத்தில் தொடங்கும் நம் குழந்தைகளைப் பற்றி நம் பல்கலைக்கழகங்கள் ஆராய வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். ஸ்கேன் கருவிகூட வேண்டாம். ஒன்றாம் வகுப்பு நோட்டுகளைச் சேர்த்து, எந்த எழுத்து எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணத் தொடங்கலாம்.

சரி, எப்படிப் பழக்குவது? அமெரிக்காவில் மூளை ஆய்வாளர் கேரின் ஜேம்ஸ் 2012-ல், இன்னும் படிக்கத் தொடங்காத ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கொண்டு பார்த்தார். சில எழுத்துகளைத் தாங்களாக எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் எழுதினார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு அதே எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, தாங்களாக எழுதியவற்றுக்குத்தான் வாசிப்புக்கான பகுதிகள் விழித்தன. குழந்தை எழுதும் ஒவ்வொரு ட-வும் ஒவ்வொரு மாதிரி கோணலாக இருக்கும். அத்தனை கோணலிலும் மாறாமல் இருப்பது எது என்று மூளை தேடுவதில்தான் எழுத்து பிடிபடுகிறது என்பது ஜேம்ஸின் விளக்கம். புள்ளிக்கோடு அந்தக் கோணலைப் பறித்துவிடுகிறது. மழலையர் வகுப்புக்குப் புள்ளி எழுத்து நோட்டுகளையே கட்டுக்கட்டாக வாங்குவது எனக்கு வருத்தமான விஷயம்.

நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்தது மணல். 1789-ல் எழும்பூர் ராணுவ அநாதைச் சிறுவர் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797-ல் தன் பள்ளி அனுபவத்தைப் புத்தகமாக எழுத, பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தில் பரவியது.

அதனால் தாம்பாளத்தில் ரவையைப் பரப்புங்கள். நீங்கள் ஒரு ட எழுதி, ‘ட’ என்று சொல்லிக் காட்டிவிட்டு அழித்துவிடுங்கள். அவள் நினைவிலிருந்து எழுதட்டும், எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லட்டும். பி, டி இரண்டையும் ஒரே நாளில் காட்ட வேண்டாம். பி-க்கு முதலில் குச்சி, அப்புறம் வயிறு. அது கைக்கு நன்றாகப் பழகி இரண்டு வாரம் போன பிறகு டி: முதலில் வயிறு, அப்புறம் குச்சி. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை கைக்கு வேறு வேறாகிவிடும். எட்டு வயது தாண்டியும் திரும்பிக்கொண்டே இருந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கவும் திணறினால் அப்போது நிபுணரைப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் 3-ஐச் சிவப்பு மையால் சுழிக்காமல் பத்திரமாக எடுத்து வையுங்கள்.