ரோமில் ஒரு ஃப்ரீ டே, சர்க்கரை உள்ள கால்கள்

ஐரோப்பா டூர் பேக்கேஜில் ரோமுக்கு இரண்டு நாள் ஒதுக்கினால், ஒரு நாளில் கொலோசியம், வாடிகன் எல்லாம் கைடோடு முடிந்துவிடும், மற்றதை 'ஃப்ரீ டே' என்று விட்டுவிடுவார்கள். சர்க்கரை நோய்க்கும் பாதப் புண்ணுக்கும் சிகிச்சை தரும் மருத்துவராக எனக்கு அந்த ஃப்ரீ டேதான் கவலை. கைடு இருந்தால் பஸ் இருக்கும், நேரத்துக்குச் சாப்பாடு இருக்கும். கணவனும் மனைவியும் மட்டும் 'மெதுவா சுத்திப் பார்ப்போம்' என்று கிளம்பினால் இது எதுவும் இல்லை. நவோனா சதுக்கம், பாந்தியன், ட்ரெவி நீரூற்று, அப்புறம் ஸ்பானியப் படிகள் என்று ஒவ்வொன்றும் சில நிமிட நடைதான், பக்கத்தில்தானே என்று போய்க்கொண்டே இருப்பார்கள், ராத்திரி ஓட்டலுக்குத் திரும்பும்போது ஊரில் பல நாள் நடப்பதை ஒரே நாளில் நடந்து முடித்திருப்பார்கள்.

நடப்பது நல்லதுதானே டாக்டர்? நல்லதுதான், கால் வலியைச் சொல்லுமானால். பல வருடம் சர்க்கரை உள்ளவர்களில் நிறையப் பேருக்குப் பாத நரம்புகள் மரத்துப் போயிருக்கும். ஷூ கடித்தால் நாம் நின்று சாக்ஸைச் சரிசெய்வோம், மரத்த காலுக்கு அது தெரியவே தெரியாது. கொப்புளம் உடைந்து சாக்ஸில் கறை பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். "வலியே இல்ல, அதான் விட்டுட்டேன்" என்பது கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் பேச்சு.

ரோமின் பழைய தெருக்களில் சாம்பியெத்ரீனி என்ற கருங்கல் கட்டைகள் பாவியிருக்கும். எரிமலைப் பாறையை வெட்டியவை, நடுவே இடைவெளி, மேடு பள்ளம், மழை பெய்தால் வழுக்கல். அடி மெல்லிய செருப்பில் ஒவ்வொரு கல்லும் முன்பாதத்தில் அழுத்தும். பயணத்துக்கென்று வாங்கிய ஷூவை விமான நிலையத்தில்தான் முதல்முறை போடுவார் ஐயா, அம்மா வழக்கமான செருப்பிலேயே வந்துவிடுவார். ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், சில வாரம் முன்பே போட்டுப் பழக வேண்டும். கிளம்பும் முன் மோனோஃபிலமென்ட் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான், ஊசி கிடையாது.

அடுத்தது சாப்பாடு. அங்கே நிறைய உணவகங்கள் மதியச் சமையலை முடித்தால் இரவு ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி திறக்கும். காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளைமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, நன்றாக நடந்துவிட்டு, நாலு மணிக்குச் சாப்பிட இடம் தேடினால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வையையும் நடுக்கத்தையும் வெயில் களைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். மனிதர் காரணமில்லாமல் சிடுசிடுப்பார், பேச்சு குழறும். கூட இருப்பவர் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டால் நடுத்தெருவில் சண்டைதான். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள், இன்னும் குறைவாக இருந்தால் மறுபடி கொடுங்கள், பிறகு எதையாவது சாப்பிட வையுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 112-ஐ அழையுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. நீண்ட நடைக்கு முன் இன்சுலினைத் தொடையில் போட்டால் அது வேகமாக ரத்தத்தில் சேரும், வயிற்றில் போடுங்கள். அன்றைக்கு அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்காருவதும் அங்கே ஒரு வேலைதான். ஸ்பானியப் படிகளில் உட்கார 2019 முதல் தடை, அபராதம் உண்டு. நான் சொல்வது தேவாலயங்களை. பாந்தியனுக்குப் பக்கத்தில் சாந்த் இக்னாசியோ இருக்கிறது, கட்டணம் இல்லை, பெஞ்சு உண்டு. மேலே தெரியும் குவிமாடம் நிஜமல்ல, அந்திரேயா பொற்சோ தட்டையான பரப்பில் தீட்டிய ஓவியம், அதைப் பார்த்துக்கொண்டே காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். தண்ணீருக்குத் தெருவோர இரும்புக் குழாய்கள் இருக்கின்றன, நல்ல குடிநீர்தான். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகப் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம்.

ராத்திரி ரூமுக்கு வந்ததும் ஒருவர் பாதத்தை ஒருவர் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. கணவர் காலை மனைவி பார்ப்பார், மனைவி காலைக் கணவர் பார்ப்பதற்குத்தான் நம் வீடுகளில் அவ்வளவு கூச்சம், வெளிநாட்டிலாவது அதை விடுங்கள். கொப்புளத்தைக் குத்தி உடைக்காமல் சுத்தமான கட்டுப் போட்டு, மறுநாள் அதிக நடையைத் தவிர்த்து, ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, இன்னொன்றைவிடத் தொட்டால் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் நடையை அங்கேயே நிறுத்துங்கள். மரத்த காலில் எலும்பும் மூட்டும் நொறுங்கத் தொடங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் கோளாறு எதுவும் தெரியாமல் இருக்கலாம், அதனால் சுளுக்கு என்று விட்டுவிடுவது சகஜம். டாக்டரிடம் போனால் சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது என்பதையும் கால் மரத்திருப்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் எல்லோர் கையிலும் ஒரு பாலிசி இருக்கும், ஆனால் முன்பே உள்ள நோய்களை அது ஏற்கிறதா என்று பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள், அவசர எண்ணை இருவர் போனிலும் ஏற்றி வையுங்கள்.